அடுப்புக்கு எத்தனை பேர்

என் மகள் சென்னையில் ஒரு ஆபீசில் கணக்குப் போடுகிறாள். எந்த ஊரில் எத்தனை பேர், எதில் சமைக்கிறார்கள், கரண்டு அடுப்புக்கு மாற்றினால் புகை எவ்வளவு குறையும், டிரான்ஸ்பார்மர் தாங்குமா என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து அரசாங்கத்துக்குச் சொல்லும் வேலை. ஆறாம் வகுப்போடு நின்ற எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மற்றபடி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா, ரோட்டைப் பார்த்துக் கடக்கிறாளா என்பதே என் கவலை.

போன மாசம் நரிக்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கே கணக்கெடுக்க வந்தாள். சாயங்காலம் வந்தவள் மறுநாள் மத்தியானம் கிளம்ப வேண்டும்.

"கணக்கு இடிக்குதும்மா. தாளுல இருக்கிற ஆளுக்கு இங்க பாதி வெறகு கூட எரியலை. இப்படியே விட்டா நம்ம ஊருக்குப் பொருந்தாத திட்டந்தான் வரும்."

இவள் ஆபீசிலிருந்து முதலில் வந்து கேட்டவர்களிடம் நாலு பேர் என்று சொன்னவளே நான்தான். வீட்டில் இருப்பது நானும் என் வீட்டுக்காரரும்தான்; மகன் திருப்பூரில், இவள் சென்னையில். ஆனால் ரேஷன் கார்டில் நாலு பேரும் இருக்கிறோமே. தெருவே அப்படித்தான் சொல்லியிருந்தது. வெளியூர் போன பிள்ளையை விட்டுவிட்டு எண்ண யாருக்கு வாய் வரும்?

காலையில் பக்கத்து வீட்டு மதினியிடம் ஆரம்பித்தாள்.

"வீட்டுல எத்தனை பேரு அத்தை?"

"ஏன், ஒனக்குத் தெரியாதாக்கும்? அஞ்சு பேரு."

"சிங்கப்பூரு மச்சான் குடும்பத்தையும் சேத்தா?"

"அவனை என்ன தத்தா குடுத்துட்டோம்?"

மகள் சிரித்துக்கொண்டே தாளில் இருந்த கேள்வியை அடித்துவிட்டு வேறு எழுதினாள். "நேத்து எத்தனை பேருக்கு உலை வச்சீங்க அத்தை?"

"எனக்கும் ஒங்க மாமாவுக்குந்தான்" என்றார் மதினி.

அடுத்து எங்கள் வீடு. "நீ சொல்லும்மா. நேத்து எத்தனை பேருக்கு?"

"மூணு" என்றேன். பொய்யில்லை. அந்த எண்ணைச் சொல்லி எத்தனையோ மாசமாகியிருந்தது.

"நான் வந்ததுனால மூணு. நான் இல்லாத அன்னைக்கு?"

தப்பாகச் சொன்னால் இவள் வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ, பெரிய அடுப்பாகக் கொடுத்து வயர் எரிந்துவிடுமோ என்று மனசு அடித்துக்கொண்டது. சரியாகச் சொன்னால், என் வாயாலேயே இவளை வீட்டிலிருந்து எடுத்த மாதிரி.

"ரெண்டு."

எழுதிக்கொண்டாள். எழுதிய பிறகும் பேனாவை மூடவில்லை.

"அடுப்புக்குத்தாம்மா ரெண்டு" என்றாள்.

"தெரியும்த்தா" என்றேன்.

அடுத்த வீட்டுக்கு அவளோடு நானும் நடந்தேன். பஸ்ஸுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தது.