இடைவேளைக்குப் பிறகு சாகிறவன்

சாகசப் படங்களில் கதாநாயகனுக்கு ஒரு நண்பன் இருப்பான். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு குகைக்குள் போகும்போது அவன்தான் தும்முவான். முதலையை மரக்கட்டை என்று நினைத்து அதன்மேல் உட்காருவான். இடைவேளைக்குப் பிறகு, கோட்டையைத் தகர்க்கும் அளவுக்குக் கதாநாயகனுக்குக் கோபம் வராத சமயமாகப் பார்த்து, யாரோ எறிந்த ஈட்டியை மார்பில் வாங்கிக்கொண்டு செத்துப்போவான். கதாநாயகன் அவன் தலையை மடியில் தூக்கி வைத்து, "ஒன்ன மறக்க மாட்டேன்டா" என்பான். பிறகு குதிரையேறிப் போய்விடுவான். மறப்பதற்கு அவனுக்கு அடுத்த பாட்டு போதும்.

இந்த வேடத்தை நானும் கொஞ்ச காலம் கட்டியிருக்கிறேன். மேடையிலும் இல்லை, படத்திலும் இல்லை. காரைக்காலில் ஒரு மாடியறையில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, ஊர் குறட்டை விடும் நேரத்தில்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பி.ஏ. முடித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்திருந்தேன். அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று நம்பும் வயது. என் நண்பன் சொல்தா வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டில் நாய் தவிர எல்லோரும் பிரெஞ்சுக் குடிமக்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஆகியிருக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போனபோது, வேண்டியவர்கள் அவர்கள் குடியுரிமையையே வைத்துக்கொள்ளலாம், எழுதிக் கொடுத்தால் போதும் என்று சில மாதங்கள் அவகாசம் தந்தார்கள். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. தேசப்பற்று என்று அவர் சொல்வார். கடைசி வாரம் மழை, குடையில்லை என்று அம்மா சொல்வார். இரண்டு தரப்பையும் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில், நான் குடையின் பக்கம்.

நண்பனின் அக்கா கல்யாணமாகிப் பாரிசுக்குப் பக்கத்தில் இருந்தார். ஒரு வருடம் லீவுக்கு வந்தபோது, சென்ட், சாக்லேட்டுகளோடு ஒரு அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தார். மூடியில் ஒரு பறக்கும் முதலை நெருப்புக் கக்கியது. உள்ளே பிரெஞ்சில் ஒரு புத்தகம், சில வரைபடங்கள், விதவிதமான பகடைகள். ஒருவன் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "கதவைத் திறக்கிறேன்", "பள்ளத்தைத் தாண்டுறேன்" என்று சொல்லிக்கொண்டே போகவேண்டும். திறந்ததா, தாண்டினோமா, விழுந்தோமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். அவ்வளவுதான் விளையாட்டு.

புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவன் நண்பன் ஒருவன்தான். ஆகவே கதை சொல்பவன் அவன். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் டைரக்டர். தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது என்று இப்போது தெரிகிறது.

ஆட மூன்று பேர். நான். நண்பனின் தங்கை. மூன்றாவது, கடைத்தெருவில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகன். அவன் நல்ல உயரம், நல்ல நிறம், சட்டை அவன் மேல் தானாகவே கசங்காமல் நிற்கும். புத்தகத்தில் வீரன், மந்திரக்காரி, திருடன் என்று வேடங்கள் இருந்தன. வீரன் யார் என்று யாரும் கேட்கவில்லை. ஜவுளிக்கடைக்காரன் சும்மா உட்கார்ந்திருந்தான், வாள் அவன் கைக்கு வந்துவிட்டது. தங்கை மந்திரக்காரி. மிச்சமிருந்தது திருடன்.

"திருடன்னா வில்லன் ஆளு இல்லையாடா?" என்றேன்.

"இவன் நல்ல திருடன்டா. பூட்டு தொறப்பான், பொறி இருக்கான்னு பாப்பான், கயிறு தூக்கிட்டு வருவான்," என்றான் டைரக்டர்.

"சம்பளம்?"

தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அதற்குப் பிறகு நான் தூக்கிய கயிற்றையெல்லாம் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டால் பாரிஸ் வரைக்கும் எட்டும்.

படத்துக்கும் அந்த விளையாட்டுக்கும் உள்ள ஒற்றுமைகளை நான் அந்த நாளிலேயே யோசித்து வைத்திருந்தேன். வேலையில்லாதவனுக்கு ஆராய்ச்சி சுலபம். இரண்டிலும் கிழிந்த வரைபடம் ஒன்று உண்டு, புதையல் இருக்கும் மூலை மட்டும் கிழியாது. இரண்டிலும் தொங்குபாலம் உண்டு, அது அறுவதற்கென்றே கட்டப்பட்டது. ஆனால் படத்துக் குகையில் ஆயிரம் வருடமாக யாரும் நுழைந்திராத அறையிலும் தீப்பந்தம் எரியும். விளையாட்டில் எண்ணெய் கொண்டுபோகாவிட்டால் இருட்டுதான். படத்தில் பள்ளத்தைத் தாண்டுவது கதாநாயகனின் பிறப்புரிமை. விளையாட்டில் பகடையைக் கேட்க வேண்டும். பகடைக்கு யார் ஜவுளிக்கடை, யார் குடையில்லாதவன் என்று தெரியாது. எனக்கு அந்தப் பெட்டி பிடித்துப்போனது அதனால்தான்.

இரண்டாவது ஞாயிறே வீரன் பாழுங்கிணற்றில் விழுந்தான். பகடையில் ஒன்று. புத்தகப்படி செத்தான். டைரக்டர் புத்தகத்தைப் புரட்டினான், மூடினான்.

"இவன் எப்டிடா சாவ முடியும்? இப்பதான கதையே ஆரம்பிச்சிருக்கு," என்றான்.

வீரன் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தான். புத்தகத்தில் அந்த வேர் கிடையாது. அதற்கு அடுத்த வாரம் பகடை எனக்கு நான்கு போட்டது. நான்கு அவ்வளவு மோசம் கிடையாது, காலில் அடிபட்டால் போதும். டைரக்டரின் கண் பளபளத்தது. "ஈட்டி. மாருல," என்றான். ஜவுளிக்கடைக்காரன் என் தலையை நிஜமாகவே மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "ஒன்ன மறக்க மாட்டேன்டா" என்றான். நான் நாக்கைத் தொங்கப் போட்டேன். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். மாடிப்படியில் காப்பியோடு வந்த அவர்கள் அம்மா, "என்னா, செத்துட்டானா?" என்றார்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு கதையிலும் கோட்டைக்கு முன்னால் நான் சாவேன். அடுத்த கதையில் அதே திருடனுக்கு வேறு தொப்பி. யார் வேண்டுமானாலும் யாராகவும் ஆகலாம் என்ற சங்கதியை அவர்கள் பாரிசிலிருந்து ஒரு பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். நாங்கள் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, உள்ளே எங்கள் ஊர்த் தியேட்டரை வைத்து மூடினோம்.

இதற்கிடையில் நான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். தொடக்கத்தில் தங்கை எங்கள் இருவரையுமே அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். மழைக்காலம் முடிவதற்குள் ஜவுளிக்கடைக்காரனுக்கு அந்த அண்ணே உதிர்ந்துவிட்டது. "அவங்க" ஆனான். "அவங்க மொதல்ல போவட்டும்." "அவங்களுக்குக் காப்பி ஆறிடுச்சு." எனக்கு மட்டும் அண்ணே கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பாதிக் கல்யாணங்கள் அண்ணேயில் தொடங்கியவைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆமாம், எனக்கு அவள்மேல் ஆசை. அவளைக் கட்டிக்கொள்கிறவன் காலப்போக்கில் பிரெஞ்சுக்காரன் ஆகிவிடலாம் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். அவள் எவ்வளவு, கடவுச்சீட்டு எவ்வளவு என்று ராத்திரிகளில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பிரிக்க முடியவில்லை. சிரிப்பு மட்டும் தனியாக நின்றது.

நண்பனுக்குப் பிரான்சில் ராணுவ சேவைக்கு அழைப்பு வந்தது. அவன் போவதற்கு முன்பு கேட்டுவிட வேண்டும் என்று, அரசலாற்றுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்திக் கேட்டேன். "ஒங்க அப்பாகிட்ட எனக்காகப் பேசுவியா? ஒன் தங்கச்சிக்கு."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு ஓய கொஞ்ச நேரமாயிற்று.

"நெசமாவா கேக்குற?"

"நெசமாத்தான்."

"ஞாயித்துக்கெழம வா. கடைசி ஆட்டம். பேசிட்டுச் சொல்றேன்."

அந்த ஞாயிறு நான் இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். இந்த ஒரு கதையிலாவது சாகக்கூடாது என்று தீர்மானித்திருந்தேன். உயிரோடு கோட்டைக்குள் போய்விட்டால் மற்றதும் நடந்துவிடும் என்று ஒரு மூடத்தனம். பொறிகளைப் பார்த்துப் பார்த்து நடந்தேன். தும்மவில்லை. ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. "என்னடா, ஒடம்பு சரியில்லயா?" என்றான் ஜவுளிக்கடைக்காரன், உண்மையான அக்கறையோடு. அவன் நல்லவன். வில்லனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

கோட்டை வாசலில் ஈட்டி வந்தது. பகடையை உருட்டினேன். அது மேசை விளிம்பு வரை ஓடி நின்றது. இருபது.

இருபது விழுந்தால் புத்தகத்துக்குப் பேச்சில்லை. ஈட்டி பக்கத்துச் சுவரில்தான் குத்தும். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டைரக்டர் பகடையைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

"தப்பிச்சிட்டான்," என்றேன்.

"தப்பிச்சிட்டான்தான். ஆனா கத நல்லா இருக்காதுடா."

"இருவதுடா."

"இருவதுதான்..." அவன் தங்கையைப் பார்த்தான்.

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற குரலில் சொன்னாள்: "செத்துருங்கண்ணே. அப்பதான அவங்களுக்குக் கோவம் வரும்."

"எங்க குத்துது?" என்றேன்.

"மாருல," என்றான் டைரக்டர்.

சரி என்றேன். மடியில் தலை வைத்தேன். வசனம் சொல்லப்பட்டது. கோட்டை எரிந்தது. எரியும் கோட்டையை மல்லாந்து படுத்தபடியே பார்த்தேன். மந்திரக்காரியும் வீரனும் கதவு வழியாக வெளியே வந்தார்கள்.

படியிறங்கும்போது நண்பன் கூட வந்தான். வாசலில் என் சைக்கிள் மணியைத் தேவையில்லாமல் துடைத்தான்.

"ஜவுளிக்கடை வூட்லேந்து முன்னாடியே கேட்டுட்டாங்க. அப்பா சரின்னுட்டாரு. அவளுக்கும் இஷ்டம். நீ தப்பா எடுத்துக்க மாட்டேன்னு தெரியும். எல்லாத்தையும் சிரிச்சிக்கிட்டே எடுத்துக்குவ."

சிரித்தேன். வேறென்ன செய்ய, வேடம் அப்படி.

மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் கேட்பார். இருபது விழுந்தது சாமி என்று சொல்லத் திருச்சபைச் சட்டத்தில் இடமில்லை. கல்யாண வேலையில் பாதி என் தலையில்தான் விழுந்தது. பட்டினச்சேரிக்கு விடியலில் போய் வஞ்சிரம் பேசி வாங்கி வந்தவன் நான். மீன் அருமை என்று எல்லோரும் சொன்னார்கள்.

காகிதங்கள் வந்து சேர்ந்து அவர்கள் இருவரும் பிரான்சுக்குக் கிளம்பிய நாளில், மெட்ராஸ் பஸ் மேல் ஏறிப் பெட்டிகளைக் கட்டினேன். எத்தனையோ ஞாயிறு கயிறு தூக்கியவன், முடிச்சு நன்றாகவே விழுந்தது. இறங்கி வந்ததும் அவள், "வர்றோம்ண்ணே" என்றாள். ஜவுளிக்கடைக்காரன் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டான். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"ஒன்ன மறக்க மாட்டேன்டா," என்றான்.

தான் என்ன சொன்னான் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. சிரிப்புதான்.

செத்தவன் அப்புறம் என்ன ஆகிறான் என்று எந்தப் படமும் காட்டுவதில்லை. கையில் ஒட்டியிருந்த கயிற்றுத் தும்பைத் தட்டிவிட்டு அவன் வீட்டுக்கு நடக்கிறான்.

"பஸ்ஸு கெளம்பிடுச்சா?" என்றார் அம்மா.

"கெளம்பிடுச்சு."

"சாப்புடுறியா?"

அப்பா ஈஸிசேரில் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். அவர் தலைக்கு மேல் ஆணியில் ஒரு குடை தொங்கியது. எப்போது வாங்கினார்கள் என்று தெரியவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன்.