நான் சாத்திய கதவு

செல்வத்தைக் கொன்றவன் நான்.

குதிரைகள் மிதித்துச் செத்தான் என்று ஊரே நம்புகிறது. மிதித்தவை குதிரைகள்தாம்... மறுக்கவில்லை. ஆனால் கதவைச் சாத்தியது யார்? உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

வளைகுடா நாட்டில், அல் ஐனுக்கு அப்பால், பாலைவன விளிம்பில் ஒரு குதிரைப் பண்ணை. நானும் செல்வமும் அங்கே லாயத்தில் வேலை பார்த்தோம். இருவருக்கும் புதுக்கோட்டைப் பக்கம், அடுத்தடுத்த ஊர். உறவு எதுவுமில்லை. ஆனாலும் அவன் என்னை மச்சான் என்றுதான் அழைப்பான்.

பந்தயத்தில் நொண்டியான குதிரைக்கு யார் தீனி போடுவார்? வேலிக்கு வெளியே விரட்டிவிடுவார்கள். பல மணலிலேயே செத்தன. தாக்குப்பிடித்தவை கூட்டமாகத் திரிந்தன, குட்டி போட்டன. மனிதக் கை படாத குட்டிகள்! ஒட்டகத் தொட்டிகளில் தண்ணீர் குடித்து உயிர் வளர்த்தன.

அவற்றில் ஒன்று சாலையில் பாய்ந்து காரைக் கவிழ்த்தது. கூட்டத்தை அப்புறப்படுத்துமாறு முதலாளி எங்கள் சூப்பர்வைசர் ராஜாமணிக்கு உத்தரவிட்டார். எப்படிச் செய்வாய் என்று அவர் கேட்கவில்லை. ராஜாமணி ஒரு கறி வியாபாரியைப் பிடித்தான். குதிரைக்கறியை மாட்டுக்கறி என்று லேபர் கேம்ப் மெஸ்களுக்குத் தள்ளிவிடுகிறவன்.

காட்டுத்தனமாகிப்போன குதிரைகள் மனிதனை அண்டுமா? அதற்குத்தான் நான் தேவைப்பட்டேன். கூட்டத்தை நடத்தியது செவலை என்ற கிழட்டுப் பெட்டைக் குதிரை. லாயத்தில் இருந்த காலத்தில் என் கையால் தின்றவள். ஊருக்குப் போக லீவு தருகிறேன் என்றான் ராஜாமணி. அவ்வளவுதான்... அதற்கே சம்மதித்தேன்!

"செவலே... ஹோய்!" என்று வாளியைத் தட்டினேன். வந்தாள். அவள் பின்னால் கூட்டம் முழுவதும் பட்டிக்குள் வந்தது.

நண்பகல். பட்டி வாசலுக்கு வெளியே கொண்டுவந்து, மற்றவற்றின் கண்ணெதிரே, அவள் நெற்றியில் சம்மட்டி இறங்கியது. விழவில்லை. கறி வியாபாரியின் ஆட்கள் மறுபடியும் அடித்தார்கள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. முன்னங்கால் மடிந்து என் பக்கமாகவே சாய்ந்தாள். கழுத்தை அறுத்தது நான். ரத்தம் சூடாக என் முகத்தில் அடித்தது.

லாயத்திலிருந்து செல்வம் ஓடிவந்தான். "டேய் மச்சான், என்னடா பண்றீங்க! செவலைடா அது!"

யாரும் தடுக்குமுன் பட்டிக்குள் பாய்ந்துவிட்டான். பின்கதவைத் திறந்து மிச்சக் குதிரைகளை விரட்டிவிட நினைத்திருக்கிறான். அங்கே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. ரத்தவாடையில் குதிரைகள் வெறிபிடித்துச் சுற்றின, ஒன்றையொன்று உதைத்தன. அவன் திரும்பி வாசலை நோக்கி ஓடிவந்தான்.

"கேட்டைச் சாத்துடா! குதிரையெல்லாம் வெளிய வந்துரும்! யல்லா, சீக்கிரம்!" என்று ராஜாமணி கத்தினான்.

செல்வம் கதவுக் கம்பியைப் பிடித்துவிட்டான். "தெற மச்சான்... தெற!"

அவன் முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே தாழ்ப்பாளைப் போட்டேன்.

ஏன்? அச்சமா? லீவா? சொன்னதைச் செய்தே பழகிய கையா? எனக்கே தெரியவில்லை!

குதிரைகள் அடங்கியபின் அவனை இழுத்து வெளியே கிடத்தினோம். விலா உள்ளே போயிருந்தது. வாயில் ரத்தக் குமிழி. ஆனால் நெஞ்சு ஏறி இறங்கியது... உயிர் இருந்தது!

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன்ணே" என்றேன்.

"கூப்புட்டா போலீசும் சேந்து வரும். மொதல்ல கறி ஏறட்டும். ஜல்தி அறுடா!"

போன் என் சட்டைப்பையில் இருந்தது. நான் கத்தியை எடுத்தேன். செவலையின் தொடையை அறுக்கையில் செல்வத்தின் மூச்சிழுப்புச் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டேயிருந்தது. கறி வண்டி புறப்பட்டு, ரத்தத்தின் மேல் மணல் அள்ளிப் போட்டபின் போன் செய்தேன். அதற்குள் சத்தம் நின்றிருந்தது.

சொல்லச் சொல்லக் கேளாமல் அவனாகவே உள்ளே போனான் என்று போலீஸில் சாட்சி சொன்னேன். மற்றக் குதிரைகளும் பின்னர் அதே வண்டியில் போயின. அப்போதும் கத்தி என் கையில்தான். அந்தக் கறியை உண்டவர்கள் என்னைப்போலக் கூலிக்கு வந்தவர்கள்.

லீவு கிடைத்தது... செல்வத்தின் சவப்பெட்டியோடு ஊருக்குப் போக!

அவன் மனைவி வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மச்சான் கூட இருக்கான், பயப்படாதன்னு சொல்லிக்கிட்டே இருப்பாருண்ணே..."

அப்போதே சொல்லியிருக்கலாம்.

ஆண்டு ஒன்று கழிந்து அவளே போன் செய்தாள். "எனக்குக் கூடப்பொறந்தவங்க யாருமில்லண்ணே. பாப்பாவுக்குக் காது குத்தணும். நீங்கதான் தாய்மாமனா ஒக்காரணும்."

போகாமல் இருந்திருக்கலாம் அல்லவா? போனேன்! பட்டுவேட்டி கட்டி, மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். செல்வத்தின் கண்ணும் நெற்றியுமாக இருந்த பெண்குழந்தையை என் மடியில் வைத்தார்கள்.

ஆசாரி கம்பியை எடுத்தார். குழந்தை வீறிட்டு, என் மடியிலிருந்து இறங்கி ஓடத் திமிறியது.

"தாய்மாமா, அசையவிடாம கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்றார் ஆசாரி.

பிடித்துக்கொண்டேன்.