வெளிச்சம் பத்தலை என்று வருகிறவர்கள்

கார் ஹெட்லைட் மாற்றிக் கொடுக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு: நாம் செய்த வேலையின் கஷ்டத்தை வாடிக்கையாளர் அனுபவிப்பதில்லை, எதிரே வருகிறவர்தான் அனுபவிக்கிறார்.

நீங்கள் கார் ஓட்டுகிறவர் என்றால், என்னைப் பார்த்திருக்காவிட்டாலும் என் கைவேலையை நேருக்கு நேர் பார்த்திருப்பீர்கள். தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலையில் நீலம் கலந்த வெள்ளையாக ஒன்று எதிரே வந்து, இரண்டு விநாடி உங்களுக்கு ரோடே தெரியாமல் போயிருக்கும். நீங்களும் அந்த டிரைவரின் குடும்பத்தையே இழுத்துத் திட்டியிருப்பீர்கள். அந்தத் திட்டில் பாதி எனக்குச் சேர வேண்டியது. மஸ்ஜித் தானாவில் ஒரு கார் சாமான் கடையில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். மஞ்சளாக எரியும் ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு வெள்ளையாக எரியும் எல்.இ.டி. பல்பை மாட்டுவது என் பங்கு. ரேடியோ, ஸ்பீக்கர், கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவது எல்லாம் கூட வேலை பார்க்கும் சிவாவின் பங்கு.

எங்கள் பக்கம் பொழுது விடிய ஏழு மணிக்கு மேல் ஆகிவிடும். பள்ளிக்கூட வேன்களோ ஆறு மணிக்கே ரோட்டுக்கு வந்துவிடும். அதில் ஒரு வேனை என் மனைவியின் அண்ணன் குணா மச்சான் ஓட்டுகிறார். அதன் முன் சீட்டில்தான் என் மகள் தர்ஷினி தினமும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆகவே ஹெட்லைட் எனக்குப் பிழைப்பு மட்டும் அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள். என்னைப்போல் வசதியாக மறந்துவிடாதீர்கள்.

சுவரில் ஒரு கோடு

கடையின் பின்பக்கத்தில் ஒரு வெள்ளைச் சுவர் இருக்கிறது. படுதாவை இறக்கிவிட்டால் பகலிலும் அங்கே இருட்டு. சுவரில் காரின் உயரத்துக்குத் தகுந்தபடி நீல டேப்பைக் குறுக்கே ஒட்டுவேன், இரண்டு விரல் அகலத்துக்கு. லைட்டைப் போட்டால் வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். மேலே ஏறினால் எதிரே வருகிறவர் கண்ணில் குத்தும். ஹாலஜனுக்கென்று செய்த விளக்குக்குள் எல்.இ.டி.யை மாட்டினால் வெளிச்சம் கண்டபடி சிதறும். பல்பைத் திருப்பிப் பார்த்து, திருகை முடுக்கி, முடிந்த மட்டும் கீழே இறக்க வேண்டும். மாட்டுவதற்குப் பத்து நிமிஷம், இறக்குவதற்கு அரை மணி நேரம். சில கார்களில் என்ன செய்தாலும் இறங்காது.

புதிதாகக் கார் வாங்கிய ஓர் இளைஞருக்கு இப்படிக் குனிந்து நிமிர்ந்து ஒருவழியாக இறக்கிக் கொடுத்தேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏண்ணே தரையப் பாத்துக்கிட்டு நிக்குது? மேல தூக்குங்க" என்றார். எதிரே வருகிறவருக்குக் கண் கூசும் என்று சொன்னேன். அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது. எதிரே வருகிறவர் மேல் அல்ல, என் மேல். "அண்ணே, எதுத்தாப்புல வர்றவன் ஹைபீம் அடிச்சுத் திட்டணும் லா. அப்பத்தான நாம லைட்டு மாத்துனது நமக்கே தெரியும்?"

கறுப்புத் தாள்

அதே இளைஞர் இரண்டு மாதம் கழித்து வந்தார். இந்த முறை வேலை எனக்கு இல்லை, சிவாவுக்கு. முன் கண்ணாடிக்கு நல்ல கறுப்பாகத் தாள் ஒட்ட வேண்டுமாம். எதிரே வருகிற அத்தனை கார்களும் வெள்ளை லைட்டு மாட்டிக்கொண்டு கண்ணைப் பறிக்கின்றனவாம். அவ்வளவு கறுப்பு கூடாது என்று சிவா சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை. சிவா ஒட்டிக் கொடுத்தான்.

ஒரு வாரம் போகவில்லை, மறுபடியும் என்னிடம் வந்து நின்றார். தாள் ஒட்டிய பிறகு ரோடு சரியாகத் தெரியவில்லையாம், வெளிச்சம் பத்தலையாம். சிரிப்பதா அழுவதா என்று எனக்கு விளங்கவில்லை. அவர் காரின் மேல் சாய்ந்துகொண்டு, நாட்டையே நினைத்து வருந்துகிறவர்போல் தலையை ஆட்டினார். "ரோட்டுல ஒருத்தனுக்கும் பொறுப்பே இல்லண்ணே. இதைவிட பவரா ஏதாச்சும் இருந்தா போட்டு விடுங்க."

வெள்ளிக்கிழமைப் பொட்டு

எஸ்டேட் குடியிருப்பிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். நான் மாட்டிய லைட்டில் ஒரு பக்கம் மங்கிவிட்டது என்று புகார். வந்ததும் வராததுமாக அந்தம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். மட்டமான சாமானை மாட்டி ஏமாற்றிவிட்டேனாம். நான் மூடியைத் திறக்கவே இல்லை. விளக்கின் முன்னால் குனிந்து பார்த்தேன். கண்ணாடியின் நட்ட நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஐந்து காசு அளவில் தொடங்கி, வாரா வாரம் வெள்ளிக்கிழமை அதன் மேலேயே வைத்து வைத்து, ஓர் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்தது.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை கிடையாது. ஹாலஜன் சூட்டில் கண்ணாடி கொதிக்கும், சந்தனம் காய்ந்து தானாக உதிர்ந்துவிடும். எல்.இ.டி.க்குக் கண்ணாடி சில்லென்று இருக்கும், பொட்டு அப்படியே உட்கார்ந்துகொள்ளும். நான் துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். அந்தம்மா என் கையைத் தட்டிவிட்டார். கணவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டில் எவ்வளவு நாளாக அப்படி நிற்கிறாரோ தெரியவில்லை. "சாமிக்கு வெச்சதத் தொடச்சா நல்லாவா இருக்கும்? பொட்ட வுட்டுட்டு மத்த எடத்துல வெளிச்சம் வர்ற மாரி நீங்கதான் பாத்து போடணும்."

பிஸ்கட் டின்

எங்கள் கடையில் சதுரமான ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. அதற்குள் கழற்றிய ஹாலஜன் பல்புகள் தாளில் சுற்றி, வண்டி நம்பர் எழுதி, ஜோடி ஜோடியாகக் கிடக்கும். வேன், லோரி, டாக்சி எல்லாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். கண்டபடி மாட்டிய எல்.இ.டி.யோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே முதல் நாள் என்னிடம் வந்து பழைய பல்பை மாட்டிக்கொள்வார்கள். மறுநாள் பாஸ் ஆன கையோடு வந்து மறுபடியும் எல்.இ.டி. மாட்டிக்கொள்வார்கள். என் கையாலேயே நல்லதைக் கழற்றி என் கையாலேயே கெட்டதை மாட்டுவேன். இது தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். நான் மாட்டாவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் மாட்டுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இந்தத் தொழிலில் உள்ள எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம்.

குணா மச்சானின் வேன் பல்பும் அந்த டின்னுக்குள்தான் இருந்தது. ஒரு நாள் சிவா ஸ்பீக்கர் திருகு தேடி டின்னைத் திறந்தான். உள்ளே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினான். "பாஸ் ஆவுற பல்பெல்லாம் உள்ளாற படுத்துக் கெடக்கு, பாஸ் ஆவாதது பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு ரோட்டுல ஓடுது லா."

எந்தக் கோடு

குணா மச்சான் பல வருஷம் ஹாலஜனோடு நிம்மதியாக ஓட்டியவர். ஒரு நாள் வந்து, "வெளிச்சம் பத்தல மாப்ள" என்றார். சொந்தக்காரர் ஆயிற்றே என்று நல்ல பல்பாகப் பார்த்து மாட்டினேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். வெளிச்சம் பத்தலை. அதைவிடப் பெரியதை மாட்டினேன், வயரில் கோளாறாக இருக்கலாம் என்று வயரையும் புதிதாக இழுத்தேன். அடுத்த மாதம் மறுபடியும் வந்தார். மழையில் ஒன்றும் தெரியவில்லையாம், வெள்ளையை எடுத்துவிட்டு மஞ்சள் எல்.இ.டி. போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். மூன்றாவது ஜோடியையும் மாட்டினேன். வேறு யாராக இருந்தாலும் எரிந்து விழுந்திருப்பேன்.

படுதாவை இறக்கிவிட்டு லைட்டைப் போட்டேன். சுவரில் வெளிச்சம் அவ்வளவு சுத்தமாக விழுந்தது. பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு வேலையை நான் செய்ததில்லை. மச்சான் என் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நின்றார். சுவர் பத்தடி தூரத்தில் இருந்தது. "நல்லாப் பாத்துக்குங்க மச்சான், நீலக் கோட்டுக்குக் கீழ கரெக்டா நிக்குதா?" என்றேன். அவர் கழுத்தை நீட்டினார், கண்ணை இடுக்கினார், முதலில் இடது பக்கம் பார்த்தார், பிறகு வலது பக்கம் பார்த்தார். அவர் விளையாடவில்லை என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "எந்தக் கோடு மாப்ள?"

முன் சீட்டு

கண்ணை ஒருமுறை காட்டிப் பாருங்கள் என்று அவரிடம் மெதுவாகச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "லைசென்ஸ் விஷயம் மாப்ள, வெளிய சொல்லிறாத" என்றார். அப்படியென்றால் அவருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் மனைவி செல்வியிடம் சொன்னேன். "அண்ணன் வேன நிறுத்துனா அந்தக் குடும்பம் எங்க போவும்? நீங்க பாட்டுக்கு எதையாச்சும் கெளப்பி வுட்டுறாதீங்க" என்றாள். அவள் கண்ணீரைப் பார்த்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மறு திங்கட்கிழமை முதல் தர்ஷினியை என் காரில் கொண்டுபோய் விட்டேன். கடைக்குப் போகிற வழியில் விட்டுவிடுகிறேன் என்று மச்சானிடம் சொன்னேன். எங்கள் வீடு தங்கா பத்துவில். கடை ஒரு பக்கம், பள்ளிக்கூடம் நேர் எதிர்ப்பக்கம். அது அவருக்குத் தெரியாதா? நான் அவர் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பாசாரில் ஹரிணியின் அம்மா எதிரே வந்தார். ஹரிணி என் மகளின் வகுப்புத் தோழி, அதே வேனில் போகிற பிள்ளை. அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவர். ஏன் தர்ஷினி இப்போது வேனில் வருவதில்லை என்று கேட்டார். சொல்வதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. பிள்ளையோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு போகலாமே என்று, ஏதோ நல்ல அப்பாபோல் புளுகினேன். குடுத்து வைத்த பிள்ளை என்று சொல்லிவிட்டு அவர் கீரை வாங்கப் போனார். திரும்பும்போது காரில் தர்ஷினி காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள். "ஹரிணி ரொம்ப ஹேப்பிப்பா, இனிமே முன் சீட்டு அவளுக்குத்தானாம்."

கழற்றாத ஹெல்மெட்

தர்ஷினியை நான் கொண்டுபோய் விடத் தொடங்கிய ஐந்தாவது வாரம், ஒரு நாள் காலையில் நல்ல மழை. ஆறரை மணி, இன்னும் இருட்டு. தங்கா பத்து தாண்டி ஒரு வளைவில் எதிரே வெள்ளை லைட்டோடு ஒரு கார் வந்திருக்கிறது. மச்சானுக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் பார்வையும் அதில் போய்விட்டது. வேன் ரோட்டோரத்து லோங்காங் சாக்கடையில் இறங்கி, சிமெண்டுச் சுவரில் மோதி நின்றது. அந்தக் கார் யாருடையது என்று தெரியவில்லை. அதில் இருந்தது நான் மாட்டிய லைட்டாகவும் இருக்கலாம். பின்னால் இருந்த பிள்ளைகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. மச்சானுக்கு நெற்றியில் தையல். ஹரிணிக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி, என் பிள்ளை அதில் இல்லை என்று. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் முதலில் வந்தது.

நாலு நாள் கழித்து ஹரிணியின் அம்மா கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. சிவா ரேடியோவை நிறுத்தினான். நானும் செல்வியும் வீட்டில் பேசியதைத் தர்ஷினி கேட்டிருக்கிறாள். மாமாவுக்குக் கண் தெரியாது, அதனால்தான் அப்பா என்னை வேனில் விடுவதில்லை என்று கட்டுப்போட்ட கையோடு இருந்த தோழியிடமே சொல்லியிருக்கிறாள். உண்மைதானா என்று அந்தம்மா கேட்டார். லைட்டெல்லாம் நல்லதாகத்தான் மாட்டினேன் என்று என் வாய் தானாகச் சொன்னது. அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். "ஒங்க பிள்ளைய எறக்குன அன்னிக்கே எங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே."

இந்தத் தொழிலில் எதிரே வருகிறவர்தான் கஷ்டப்படுவார் என்று தொடக்கத்தில் எழுதினேன் அல்லவா, வேனுக்குள் உட்கார்ந்திருந்தவர்களையும் தயவுசெய்து அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.