வட்டா எடுக்கப் போன நேரம்

எங்கள் வீட்டு வெண்கல வட்டாவில் இப்போது வெற்றிலை இருப்பதில்லை. என் பெண்சாதி அதில் ஊசியும் நூலும் உடைந்த பொத்தான்களும் போட்டு வைத்திருக்கிறாள். வெற்றிலை போடுகிறவர் வீட்டில் யாருமில்லை. ஆனாலும் யாராவது வந்து முற்றத்துச் செடிகளைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கினால், "இரி பிள்ளை, வட்டா எடுத்து வாறன்" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். அலுமாரிக்கு முன்னால் சும்மா நிற்பேன். வெளியில் ஒரு செருமல் கேட்கும் வரைக்கும் நிற்பேன். போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் நின்றேன். அப்படி நிற்கிற நேரமெல்லாம் என் மாமனாருடைய நாக்கு எனக்கு நினைவு வரும். முகம் அல்ல, நாக்குத்தான்.

வெளியூராருக்கு இது விளங்காது, கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் வாவிக்கரைப் பக்கத்தில் பூச்செடியைக் கேட்டு வாங்குகிற வழக்கம் இல்லை. கேட்டு வாங்கினது வேர் பிடிக்காது, அதிலும் கொடுத்தவருக்கு நன்றி உபசாரம் சொன்னால் அன்றைக்கே வாடிவிடும் என்பார்கள். "களவெடுத்த கொப்புத்தான் கால் ஊன்றும்" என்று பெண்டுகள் சொல்வார்கள். அதற்காக ஒருவரும் இருட்டில் வேலி பாய்வதில்லை. பட்டப்பகலில் வருவார்கள், நாலு வீட்டுக் கதை பேசுவார்கள், பிறகு ஒரு செடியருகில் போய் நின்று, "இது எந்தக் கச்சான் காத்துக்கும் சாகாது போல" என்பார்கள். வீட்டுக்காரிக்கு விளங்கிவிடும். வட்டா எடுக்க உள்ளே போவாள். திரும்பி வரும்போது வந்தவரின் மடிப் பக்கம் கண்ணை விடமாட்டாள். கண்டதைக் காணாமல் இருப்பது அவளுடைய மரியாதை. செடிக்கு நோகாமல் அளவாக ஒடிப்பது வந்தவருடைய மரியாதை. இப்படித்தான் ஒரே செவ்வரத்தை வாவியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வீடுவீடாகப் போயிருக்கிறது.

மாமா எங்கள் ஊர் விதானையார். களவு, வேலிச் சண்டை, மாடு பயிரில் விழுந்தது, எல்லாம் முதலில் அவரிடம்தான் வரும். நாட்டில் சண்டை தொடங்குவதற்கு முந்தின காலம். வெள்ளைக் கோட்டு, தோளில் சால்வை, கையில் பிரம்பு. அவர் தெருவில் வந்தால் சீட்டு விளையாடுகிறவர்கள் சீட்டின் மேல் குந்திக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மனிதர் இன்னொருவர் முற்றத்துக்குள் கால் வைத்தால், முதலில் பார்ப்பது ஆட்களையல்ல, வேலியோரத்தைத்தான். அவருடைய இடுப்பில் எப்போதும் ஒரு வெற்றிலைப் பை இருக்கும். வெற்றிலைக்கு அடியில் ஈரத் துணித்துண்டு ஒன்றும் இருக்கும். களவைப் பிடிக்கிற விதானையாரின் மடியில் கொப்பு இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். ஒருவருக்கும் அது களவாகப் படவில்லை.

நான் கலியாணம் முடித்து அந்த வளவுக்கு வந்தபோது, எங்கள் பக்கத்து முறைப்படி வீடும் வளவும் என் பெண்சாதிக்கு எழுதியாகிவிட்டது. மாமாவும் மாமியும் வளவின் ஒரு மூலையில் சின்ன வீடு ஒன்றைப் போட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். ஆனால் முற்றத்தை மாமா விடவில்லை. அது லேசான முற்றமும் அல்ல. தெரு வாசல் கடப்புப் பக்கம் வாவியின் உவர்க்காற்றும் வெயிலும் நேரே வந்து அடிக்கும். பின்பக்கம் ஒரு பெரிய புளியமரம், அதன் கீழே மத்தியானத்திலும் மங்கல்தான். கச்சான் காற்று வீசினால் முன்பக்கம் கருகும், மாரி வந்தால் பின்பக்கம் அழுகும். ஒரு மழைக்கு முளைத்து ஒரு வெயிலுக்குப் போகிற காசித்தும்பை போன்றவற்றை மாமா மதிப்பதேயில்லை. "வந்து போறது செடியில்ல மருமகன், விருந்தாளி. இரிக்கிறதைத்தான் நடணும்" என்பார். அலரிக்கும் பட்டிப்பூவுக்கும் நந்தியாவட்டைக்கும் கடப்படியில் இடம் கொடுத்தார். ஆடாதோடையையும் குரோட்டனையும் மரத்து நிழல் ஓரமாக வைத்தார். புதிதாக வந்த எதையும் ஒரு கச்சான் காலம் சட்டியில் வைத்துப் பார்க்காமல் மண்ணில் இறக்கமாட்டார். "நிழல்ல பிறந்ததை வெயில்ல வச்சா அப்பளம். வெயில்ல பிறந்ததை நிழல்ல வச்சா அது பூவை மறந்து சும்மா ஆளுயரத்துக்கு நீளும், சில மாப்பிள்ளைமாரைப் போல" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். நானும் சிரிப்பேன். எனக்கு அப்போது வேலை ஒன்றும் சரிவரவில்லை.

ஒரே ஒரு இடம்தான் அவருக்கு மிஞ்சியது. புளியமரத்தின் அடி வேருக்குப் பக்கத்தில், வெயில் என்பதே தெரியாத ஒரு மூலை. எத்தனையோ வைத்துப் பார்த்தார், ஒன்றும் நிற்கவில்லை. அந்த மூலை அவருக்கு விழுந்த பல்லைப் போல. நாக்கு அங்கேதான் போகும்.

அப்படி இருக்கும்போதுதான் அக்கரைப் போடியார் மலைநாட்டிலிருந்து ஒரு செடி கொண்டுவந்தார். எங்கள் வயல் வட்டையில் பாதி அவருடையது. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவருக்குத் தேனும் மான் வற்றலும் கொடுத்துப் பழகி வாங்கிய செடியாம். தடித்த பச்சை இலை, அதில் பாலைத் தெளித்தது போல வெள்ளை. இருட்டில் வைத்தாலும் வருடம் முழுக்க வாடாது என்று துரை சொன்னாராம். அடுத்த கிழமை வரப்போகிற, மாவட்டத்துக்கே பெரியவரான ஏசண்டுத்துரைக்குக் காட்டுவதற்காக அதை வாசலில் சட்டியில் வைத்திருந்தார். மாமா ஒரு வேலையாக அக்கரைக்குப் போனவர் அதைக் கண்டார். போடியார் வீட்டில் இல்லை. அவருடைய பெண்சாதி வழக்கம் போல வட்டா எடுக்க உள்ளே போனாள்.

செவ்வரத்தைக்கு ஆயிரம் கொப்பு, ஒன்றை ஒடித்தால் அதற்கே தெரியாது. இது ஒற்றைத் தண்டுச் செடி. ஆசைப்பட்ட கை அதை யோசிக்கவில்லை. தலையையே வெட்டி எடுத்துவிட்டார். எடுத்ததை ஈரத் துணியில் சுற்றி, வெற்றிலைப் பைக்குள் வைத்து, தோணியில் ஏறினார். நடு வாவியில் பழக்கத்தில் ஒரு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டார். வெட்டின தண்டிலிருந்து கையில் வடிந்த பால் நாக்கில் பட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாது. கரை சேருமுன் நாக்கு வாயளவுக்கு வீங்கிவிட்டது.

இதெல்லாம் மாமி பிறகு சொல்லி நான் அறிந்தது. அன்றைக்கு எங்களுக்கு அவள் பல்லுவலி என்றுதான் சொன்னாள். மாமா தாடையைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டு கஞ்சித் தண்ணீரைக்கூட விழுங்கமுடியாமல் படுத்திருந்தார்.

அடுத்த நாள் காலை போடியார் வந்தார்; மாமா வந்து போனதை அவர் பெண்சாதி மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். கூடவே அவர் வீட்டு முற்றம் கூட்டுகிற அக்காவைக் கூட்டி வந்திருந்தார். அவள் கரடியனாற்றுப் பக்கத்துப் பெண். புருஷன் காய்ச்சலில் போனபிறகு ஒரு பிள்ளையோடு வந்து போடியார் வளவை அண்டி இருந்தாள். முற்றம் கூட்டினால் சோறு, அறுவடைக்குக் களத்தில் நின்றால் வருடத்துக்கு நெல்லு. அதுதான் அவளுடைய சீவியம். ஊரார் கொஞ்சப்பேரும் கூடிவிட்டார்கள். விசாரணை எப்போதும் போலப் புளியமரத்தடியில். மாமா கதிரையில் துவாய்க் கட்டோடு குந்தியிருந்தார். அவருக்குப் பின்னால், வேரடி மூலையில், ஒரு ஓலைக் கடகம் கவிழ்த்து வைத்திருந்தது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

"விதானையார், வெளிக்கள்ளன் இல்ல இது" என்றார் போடியார். "முத்தத்தில இவளை விட்டா வேற ஆர் நிக்கிற? ஏசண்டுத்துரைக்கு நான் மொட்டைக் கம்பையா காட்டுற? இனி இவ என்ட களத்துப் பக்கமே வரத் தேவையில்ல."

"நான் அதை எடுத்து எங்க போடியார் நடுற?" என்றாள் அவள். "எனக்கு இரிக்கிற வளவு, பாய் விரிக்கிற அளவு."

"அந்தப் பாய்க்குக் கீழயும் பார்ப்பம்."

ஒருசிலர் சிரித்தார்கள். எல்லாரும் மாமாவின் முகத்தைப் பார்த்தார்கள். பல்லுவலிக்காரர் பேசாமல் இருந்தால் யார் குறை சொல்வார்? அவர் சால்வையின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். அவள் ஒரு கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, இடுப்பில் செருகியிருந்த முந்தானையை இழுத்து, முடிச்சை அவிழ்த்து, அத்தனை ஆண்களுக்கும் முன்னால் இரண்டு கையாலும் உதறிக் காட்டினாள். ஒரு பாதிப் பாக்கும், பிள்ளைக்கு ஓதி வாங்கிய நூலும் மண்ணில் விழுந்தன.

அப்போதுதான் மாமா எழும்பினார். துவாயை அவிழ்த்தார். "நான்" என்று சொல்ல வந்தார், "ழா... ழா..." என்று ஏதோ வந்தது. பின்னால் நின்ற ஒருவன் வாயைப் பொத்திச் சிரித்தான். மாமா இன்னொருதரம் முயன்றார், வரவில்லை. பிறகு வாயைத் திறந்து நாக்கை நீட்டினார். வீங்கி, வெடித்து, ஓரமெல்லாம் வெள்ளை படர்ந்த நாக்கு. வெள்ளைக் கோட்டுப் போட்ட விதானையார் ஊருக்கு முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு, ஒரு காலால் பின்னாலிருந்த கடகத்தைத் தட்டிவிட்டார். பால் தெளித்த இலை இரண்டு வெளியே தெரிந்தன.

போடியாருக்கு அந்தப் பாலின் குணம் தெரியும், துரை சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் நாக்கைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"பொத்துங்க விதானையார்" என்றார். "வாயைப் பொத்துங்க."

எனக்கு அப்போது வாவிக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. என் தாய்வீட்டாருக்கு இந்தக் கதை போய்ச் சேர்ந்தால் என்ன சொல்வார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மாமா நாக்கை நீட்டினதற்கு வெட்கப்பட்டேனே தவிர, ஒரு பெண் முந்தானையை உதறினதற்கு வெட்கம் பிறகுதான், மெதுவாகத்தான் வந்தது. ஆனால் வந்தது போகவில்லை. "கோபம் விருந்துக்கு வரும், வெட்கம் குடியிருக்க வரும்" என்று மாமி சொல்வாள். அவள் எங்கே கேட்டாளோ தெரியாது.

அந்தப் பெண்ணுக்கு வேலை போகவில்லை. போடியாரே கூப்பிட்டார், வேறு வழியில்லாமல் அவளும் போனாள். மறுநாள் போடியார் அந்த மொட்டைக் கம்பையும் சட்டியோடு தோணியில் ஏற்றி மாமாவுக்கு அனுப்பினார். "ஆசையெண்டா கேட்டிரிக்கலாமே" என்று தோணிக்காரனிடம் சொல்லியும் அனுப்பினார். எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய ஏச்சு இல்லை. மாமா இரண்டையும் வேரடி மூலையில் நட்டார். திருப்பி அனுப்பினால் அது இன்னொரு மரியாதைக் குறைவு. கொடுத்த செடி வேர் பிடிக்காது என்பதுதானே வழக்கம் என்று நினைத்திருப்பார். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. கச்சான் வந்தது, மாரி வந்தது. அது வாடவுமில்லை, அழுகவுமில்லை. மொட்டைக் கம்பும் இரண்டு பக்கமாகத் துளிர்த்தது. அவர் ஆயுள் முழுக்கத் தேடின செடி அதுதான். அந்த மூலைக்கென்றே பிறந்தது போல வளர்ந்தது. அவர் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார்.

நாக்கு சில நாளில் ஆறிவிட்டது. ஆனால் அந்த அக்கா அறுவடைக்கு இக்கரைக்கு வந்து எங்கள் கடப்பைத் தாண்டும்போதெல்லாம் நின்று, "விதானையாருக்கு நாக்கு ஆறிட்டா?" என்று கேட்பாள். குத்திக் கேட்கவில்லை, உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள். அதுதான் மாமாவைத் தின்றது. "ஓம் பிள்ளை, ஆறிட்டு" என்று சொல்லிவிட்டுச் சால்வையைச் சரிசெய்வார். அதன்பிறகு அவர் வெற்றிலை போடவுமில்லை, ஒரு வீட்டு முற்றத்தில் செடியருகே நிற்கவுமில்லை. யாராவது வட்டா எடுக்க எழும்பினால் அவரும் எழும்பி வந்துவிடுவார்.

கடைசிக் காலத்தில் ஒரு பின்னேரம், நான் அவரைக் கைத்தாங்கலாக முற்றத்தில் நடத்திக்கொண்டிருந்தேன். புளியமரம் கண்ணில் பட்டதும் நின்றார்.

"அவ முடிச்சை அவிழ்க்க முதல் நான் எழும்பியிரிக்கலாம் மருமகன்" என்றார். "நாக்குத்தானே வீங்கின. காலுக்கு என்ன வந்த?"

 கடப்படி வரைக்கும் நடத்திக்கொண்டு போய்த் திரும்பி வந்தோம்.

போன வெள்ளிக்கிழமை வந்தது நாவற்குடாவில் புதுக்குடித்தனம் வைத்திருக்கிற ஒரு பெண். வீட்டுக்குப் பின்பக்கம் ஒரே நிழலாம், ஒன்றும் நிற்குதில்லையாம். பேசிக்கொண்டே புளியமரத்தடிக்குப் போய் நின்றாள். நான் வட்டா எடுக்க உள்ளே வந்துவிட்டேன். அலுமாரிக்கு முன்னால் நிற்கும்போது, தடித்த தண்டு ஒடிகிற சத்தம் கேட்டது. செவ்வரத்தை அப்படி ஒடியாது. எதை ஒடித்தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யன்னலால் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டால் அவளுக்கு வெட்கம், இனி இந்தப் பக்கம் முகம் காட்டமாட்டாள். சும்மா இருந்தால் அந்தக் கை வாய்க்குப் போகும்.

நான் திரும்பவில்லை. அலுமாரியைப் பார்த்துக்கொண்டே, பெண்சாதிக்குச் சொல்கிறவன் போல, வெளியே கேட்கிற மாதிரி உரத்துச் சொன்னேன்: "கிணத்தடிச் சிரட்டையில புளி கரைச்சு வச்சிரிக்கி. செடியில கை பட்ட ஆக்கள் அதில கழுவிப்போட்டுத்தான் வாயில கை வைக்கணும்."

பெண்சாதி வீட்டில் இல்லை.  பிறகு கிணற்றடியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது. அது நின்று, செருமல் கேட்டபிறகும், நான் பொத்தான்கள் கிடந்த வட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றேன்.