ரொசாக் ஆகாத டெலிபோன்

பீடோங் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து "டெலிபோன் ரொசாக்", பழுதாகிவிட்டது என்று எங்கள் டெலிபோன் கம்பெனிக்குப் புகார் வந்திருந்தது. டெக்னீஷியன் நான், டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் கூடாரம் போட்டு நாற்காலி அடுக்கியிருந்தார்கள். சாவு வீடு.

முந்தின நாள் இடி மழையில் அந்த வீட்டு பாக்கியம் அக்காவின் கணவருக்கு நெஞ்சு வலி. பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் மெயின் ரோடு வரை போய், அங்கே ஹேன்போன் லைன் கிடைத்த பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடிந்தது. அது வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜொகூரிலிருந்து வந்திருந்த மகன்தான் புகார் கொடுத்தவன்.

"அம்மா ஆம்புலன்ஸுக்கு 999 அடிக்கப் பாத்திருக்காங்கண்ணே. டோனே வரல. என்னான்னு பாருங்க" என்றான்.

ஒன்றும் ரொசாக் இல்லை. மோடத்தின் பிளக் பிடுங்கிக் கிடந்தது. மாட்டினேன். விளக்கு எரிந்தது, சற்று நேரத்தில் டோன் வந்தது.

அந்த மோடத்தின் தலையிலேயே கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறது, இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கவும் என்று. எங்கள் ஊர்ப் பக்கம் இடி கேட்டாலே டிவி முதல் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார்கள். அக்காவும் பிடுங்கினார். அந்தப் பெட்டி இண்டர்நெட்டுக்கு, டெலிபோன் வேறு என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

பழைய செம்புக் கம்பி லைனுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். வீடு இருட்டானாலும் டோன் இருக்கும். அக்கா வீட்டில் போட்ட புது லைனில் டெலிபோன் மோடம் வழியாகத்தான் ஓடும்; மோடம் செத்தால் டெலிபோனும் செத்தது. லைன் மாற்றத் தொடங்கியபோதே கூட்டத்தில் எழுந்து, மோடத்தோடு ஒரு சின்ன பேட்டரி கொடுங்கள் என்று கேட்டேன். என் சூப்பர்வைசர் சிரித்தார்.

"எல்லார் கையிலயும் ஹேன்போன் இருக்குலண்ணே."

"எஸ்டேட் உள்ள லைன் கிடைக்காதுலா. பிளக் புடுங்கினா டெலிபோனும் செத்துடும்னு சனங்ககிட்டயாவது சொல்லுவோம்."

"கேட்டா சொல்லுங்க. கேக்கலன்னா நீங்களா வாயத் தொறக்காதீங்க. அப்புறம் ஒருத்தரும் மாத்த மாட்டாங்க."

தெரியாத ஒன்றை எப்படி ஐயா கேட்பார்கள்?

டோன் வந்ததை அக்கா பார்த்துவிட்டார். எழுந்து வந்து கேட்டார்.

"அப்ப ரொசாக் இல்லியா தம்பி? நான் புடுங்குனதாலயா?"

"இல்லக்கா. நீங்க செஞ்சது சரி. ஒங்ககிட்ட சொல்லாம விட்டது கம்பெனி தப்பு."

கோபத்தில் என் சத்தம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அவர் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"கோவிச்சிக்காதீங்க தம்பி, இனிமே புடுங்க மாட்டேன்" என்றார்.

ஆபீசுக்கு வந்தால் சூப்பர்வைசர் சாவகாசமாகச் சொல்கிறார், "லைன் ஓகே, கஸ்டமர் தப்புன்னு போட்டு ஜாப்ப முடிச்சிடுங்கண்ணே."

"கம்பெனி சொன்னதச் செஞ்ச பொம்பள மேல தப்புன்னு எழுத எனக்குக் கை வராது. நீங்க வேணும்னா அந்த அக்கா மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டு வாங்க."

அவர் போகவில்லை. தானே அப்படி எழுதி முடித்துக்கொண்டார். இன்றைக்கு நினைத்தாலும் அந்த மனிதரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளே, புது லைன் போட்டால் உடனே கிளம்பாதீர்கள். வீட்டுக்காரர் எதிரிலேயே மோடம் பிளக்கைப் பிடுங்கி, ரிசீவரை அவர் காதில் வையுங்கள். பிறகு திரும்ப மாட்டி, டோன் வரும்வரை கூட நில்லுங்கள். மேலே இருப்பவர்கள் கோபித்தால் கோபிக்கட்டும். பாக்கியம் அக்காவுக்கு யாராவது ஒரு தடவை அப்படிக் காட்டியிருந்தால், அன்றைக்கு அவர் பிளக்கைத் திரும்ப மாட்டியிருப்பார்.