விமானம் வராத மிஷன்கள்

போன ஞாயிறு பின்னேரம் என் மகள் தன் கொம்பியூட்டரில் ஒரு கேம் இறக்கிக்கொண்டிருந்தாள். சுடுகிற கேம்தான். நான் பள்ளிக்கூடம் முடித்து ஏ.எல். சோதனை எழுதிய காலத்திலேயே பாகம் பாகமாக வரத் தொடங்கிவிட்டது, இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இப்போது பழைய பாகங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி, விரும்பிய மிஷனைத் தெரிந்தெடுத்து விளையாடலாம் என்று விற்கிறார்கள். மிஷன் என்றால் கதைப்புத்தகத்தில் ஓர் அத்தியாயம் மாதிரி. ஒரு பாலத்தைப் பிடிக்க வேண்டும், ஒரு கோபுரத்தைத் தகர்க்க வேண்டும், பிறகு அடுத்ததுக்குப் போகலாம்.

அவள் ஒன்றைத் தட்டியதும் திரையில் ஓர் அறிவித்தல் வந்தது. இந்த மிஷனில் வரும் காட்சிகள் சிலருக்கு மனவருத்தம் தரலாம், இதைத் தவிர்த்துவிட்டு அடுத்ததுக்குப் போக விரும்புகிறீர்களா என்று கேட்டது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி. மகள் வாசிக்கக்கூட இல்லை, இல்லை என்பதைத் தட்டிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தேத்தண்ணி தளும்பிக் காலில் ஊற்றியது. என்னம்மா என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், சமைப்பதற்கு ஒன்றுமே இல்லாத நேரத்தில் ஐந்தாறு வெங்காயத்தை உரித்தேன்.

கோபம் மகள்மேல் இல்லை. அந்த அறிவித்தலை எழுதியவர்கள்மேல்தான். மனிதர்களைக் கேட்டுவிட்டுத்தான் அவர்களுக்கு முன்னால் குண்டு போட வேண்டும் என்று ஏதோ ஊரில் குளிரூட்டிய அறையில் இருந்து யோசித்திருக்கிறார்கள். அதற்கு அவர்களுக்கு யாரோ கைதட்டியும் இருப்பார்கள். நாங்கள் அதை எப்போதோ கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு கொமியூனிகேஷன் கடையில், தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தோம். எங்களுக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். வெங்காயம் உரித்த கை இன்னும் மணக்கிறது, அதனால் கொஞ்சம் காரமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொமியூனிகேஷன் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்கிற கண்ணாடிக் கூண்டு இரண்டு, ஒரு போட்டோக்கொப்பி மெஷின், பின்னுக்கு வரிசையாக ஆறு கொம்பியூட்டர். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருந்தது எங்கள் கடை. உப்புக்காற்றில் கொம்பியூட்டர் பெட்டியெல்லாம் துருப்பிடித்திருக்கும். கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போது திரை நடுங்கும். போட்டோக்கொப்பி மைச்சூட்டின் மணமும் பக்கத்துக் கடை மீன் ரோல்ஸின் மணமும் கலந்து வரும், அந்தக் கலவையை நான் பிறகு எங்கேயும் மணந்ததில்லை. உரிமையாளர் ஒரு முஸ்லிம் நானா, வீடு கொட்டாஞ்சேனையில். கேம் சீடிகளை அங்கிருந்துதான் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவார். சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த என்னை, அப்பாவுக்குத் தெரிந்தவர் என்பதால் கல்லாவில் இருத்தினார்.

அந்த நாட்களில் வெள்ளவத்தையில் பாதிப்பேர் காத்திருக்கிறவர்கள்தான். விசாவுக்கு, ஏஜென்சிக்காரனுக்கு, லண்டனிலிருந்து வரும் அழைப்புக்கு. லொட்ஜ் அறையில் நாள் முழுக்கப் படுத்திருக்க முடியாத இளந்தாரிகள் எங்கள் கடைக்கு வந்து சுட்டுத் தள்ளுவார்கள். யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்கள் ஏன் யுத்தத்தை விளையாடினார்கள் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். ஒருவன், இதில செத்தா திரும்ப எழும்பலாம் என்றான்.

நிமலன் முதலில் வந்தது அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுக்க. பொலிஸ் பதிவுக்கு லொட்ஜில் கேட்டார்களாம். பிறந்த ஊர் கிளிநொச்சி. பிறந்த திகதியைப் பார்த்தேன், என்னைவிட இரண்டு மாதம் மூத்தவன். ஆனாலும் வாய் திறந்தால் அக்காதான். எனக்கு அது பிடிக்கவே இல்லை, ஏன் பிடிக்கவில்லை என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கனடாவில் இருந்த மூத்த சகோதரி அவனைக் கூப்பிட்டிருந்தார். தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாள் வரும்வரை இங்கே நிற்க வேண்டும்.

இரண்டாம் நாள் அவன் கேமில் உட்கார்ந்தான். பத்து நிமிடம் இருக்கும். அந்த மிஷனில் ஒரு தெருவில் போய்க்கொண்டிருக்கும்போது மேலே விமானம் வந்து தாழப் பதியும். நிமலன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தான். நாற்காலியை உள்ளே தள்ளினான். கல்லாவுக்கு வந்து மிச்ச நேரத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். சட்டை முதுகில் ஒட்டியிருந்ததை நானாவும் பார்த்தார். அடுத்த நாள் திரும்பி வந்து, முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அக்கா, ப்ளேன் வராத மிஷன் ஏதும் இருக்கே?"

எனக்கு என்ன தெரியும். அதுவரை நான் அந்தக் கேமைத் தொட்டதே இல்லை. நானா சொன்னார்: "மகள், மத்தியானம் கடை சும்மாதானே ஈக்கி. நீங்க ஒருக்கா எல்லாத்தையும் வெளாடிப் பாத்து வைங்களேன்."

அப்படித்தான் நான் துப்பாக்கி தூக்கினேன். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, பாவாடை சட்டையோடு, இரட்டைப் பின்னலோடு, உலக யுத்தம் நடத்தினேன். முதல் வாரம் தலைசுற்றி வாந்தி வரப் பார்த்தது. ஒரு கடற்கரையில் இறங்கி நடக்கவே எனக்கு மூன்று நாள் பிடித்தது, அதற்குள் எத்தனை தரம் செத்தேன் என்று கேட்காதீர்கள். அம்மா நான் டைப்பிங் பழகுவதாக நினைத்து, விரல் நோகும் என்று எண்ணெய் பூசிவிட்டார். ஆனால் எல்லாப் பாகத்தையும் முடித்தேன். எந்த மிஷனில் விமானம் வரும், எதில் வராது, எதில் வீடு எரியும் என்று ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதினேன்.

விஷயம் பரவிவிட்டது. மற்றவர்களும் வந்து, வெட்கத்தோடு, தங்களுக்கு வேண்டாததைச் சொன்னார்கள். மூதூரிலிருந்து வந்த கண்ணாடிக்காரனுக்குக் கடல் வேண்டாம். கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறவனின் அண்ணனை யாரோ வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோனார்கள், அவர் திரும்ப வரவில்லை, அவனுக்கு ஆளைக் கதிரையில் கட்டி விசாரிக்கிற மிஷன் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் பொருத்தமானதைத் தெரிந்தெடுத்துக் கொடுப்பது என் வேலையாயிற்று. கொப்பியில் மிஷனுக்கு நேரே ஆளைக் குறித்துக்கொள்வேன். மற்றவர்களை மூதூர்க் கண்ணாடி, கொட்டாஞ்சேனை நெட்டை என்றுதான் எழுதினேன். இவனை மட்டும் பெயர் சொல்லி எழுதினேன். பாலம், பகல், இரண்டு காவல், ப்ளேன் இல்லை, நிமலன். துறைமுகம், பின்வாசல், ப்ளேன் இல்லை, நிமலன். அந்தப் பெயரை எழுத எனக்குப் பிடித்திருந்தது, வேறு காரணம் இல்லை.

பிறகு கொழும்பில் குண்டு வெடித்தது. எந்தக் குண்டு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, அந்த வருடம் அப்படி. வெள்ளவத்தையில் ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடுதல் நடக்கும் என்று கதை வந்தது. துவக்கும் குண்டுமாக இருக்கிற கேமெல்லாம் கொம்பியூட்டரில் கிடந்தால் வம்பு வரும் என்று நானாவிடம் சொன்னேன். ஆம், நான்தான் சொன்னேன். எனக்குப் பெரிய புத்தி என்று அப்போது நினைப்பு. நானாவும் சரியென்றார். ஆறு மெஷினிலும் அழித்தோம், சீடிகளை உடைத்து மீன் ரோல்ஸ் கடைக் குப்பையில் போட்டோம். கார் ஓட்டுகிறதும் கிரிக்கெட்டும் ஏற்றிவைத்தோம். கொப்பியை மறந்துவிட்டோம். அது கல்லா லாச்சிக்குள் கிடந்தது.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் பொலிஸ்காரர்கள் வந்தார்கள். லாச்சியைத் திறந்தவர் கொப்பியைத் தங்கள் பெரியவரிடம் கொடுத்தார். கூட வந்திருந்த தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்துச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, பெரியவரின் முகம் மாறியது. பாலம், பகல், இரண்டு காவல். துறைமுகம், பின்வாசல். "மேக்க மொக்கத?" என்று கேட்டார், இது என்னவென்று. கேம் சேர், கேம், என்றேன் என் அரைகுறைச் சிங்களத்தில். சரி, காட்டு என்றார்.

காட்ட ஒன்றும் இல்லை. ஆறு கொம்பியூட்டரிலும் கார் ஓடிக்கொண்டிருந்தது.

எழுதியது யார் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்கு முன், வந்துபோகிற பொடியன்கள் யாரோ எழுதியது என்று நானா சொல்லிவிட்டார். வயசுப்பெண்ணைக் காப்பாற்றுகிறாராம். நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். என் கையெழுத்து, இரண்டு வரி எழுதிக் காட்டியிருந்தால் குழந்தைக்கும் விளங்கும். நான் கல்லாச் சில்லறையை எண்ணத் தொடங்கினேன். கொப்பியில் ஆளின் சொந்தப் பெயராக இருந்தது ஒன்றே ஒன்று. லொட்ஜ்ப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேட அவர்களுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும். பதினொரு மணிக்கு அவனை ஜீப்பில் ஏற்றுவதைப் போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

நானா சும்மா இருக்கவில்லை. கொட்டாஞ்சேனைக்குப் போய் அதே கேமின் சீடியைத் தேடி எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனார். ஒருவரும் அதைப் போட்டுப் பார்க்கத் தயாரில்லை. மூன்று தரம் போனார், மூன்று தரமும் வாசலில் நிற்க வைத்து அனுப்பினார்கள். நானும் வருகிறேன் என்றேன், அப்பா விடவில்லை. விடாவிட்டால் போக முடியாதா? கால் இருந்ததுதானே. இன்றைக்கு மேடையில் ஏறி நீதி நியாயம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அன்றைக்கு என்னைப் போல ஒரு கோழையை நான் கண்டதில்லை.

மூன்று மாதம் வைத்திருந்து, குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். அதற்குள் தூதரக நேர்முக நாள் போய்விட்டது. லொட்ஜில் அவனுடைய பையைத் தூக்கி வெளியே வைத்திருந்தார்கள். பொலிஸ் பிடித்த பெடியனுக்கு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜும் இடம் கொடுக்கவில்லை. எல்லாம் நம்முடைய ஆட்கள்தான், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். அவன் மெலிந்து, ஒரு காது சரியாகக் கேட்காமல், கடைக்கு வந்தான். திரும்ப விண்ணப்பிக்க வேண்டும், அதுவரை தங்க ஓர் அறை தெரியுமா என்று கேட்டான். போகும்போது நின்று சொன்னான்.

"கொப்பியிலை ஆற்றை கையெழுத்தெண்டு கேட்டவங்கள். தெரியாதெண்டுதான் கடைசிவரை சொன்னனான்."

எங்கள் வீட்டில் மேல்மாடியில் ஓர் அறை இருந்தது. தனிப் படி, தனிக் குளியலறை. அந்த மாதம்தான் அதிலிருந்தவர்கள் போயிருந்தார்கள். அன்று பின்னேரமே அப்பாவிடம் கேட்டேன்.

"பொம்பிளைப்பிள்ளை இருக்கிற வீட்டிலை, பொலிஸ் பிடிச்சவனைக் கொண்டுவந்து வைக்கிறதே? உனக்கென்ன விசரே?"

அந்தக் கொப்பியை எழுதியது நான் என்று அப்பாவிடம் அப்போதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அறை கிடைத்திருக்குமோ தெரியாது. அடுத்த நாள் நிமலன் வந்தபோது, எங்கள் வீட்டு அறையிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவன் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன். அவன் என்னைச் சமாதானப்படுத்தினான்.

"பரவாயில்லை அக்கா. கிளிநொச்சிப் பாதை திறந்துதானே கிடக்கு. நான் அம்மாட்டையே போறன்."

அவன் போய் இரண்டு கிழமையில் சண்டை தொடங்கி அந்தப் பாதையை மூடினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். விமானம் வேண்டாம் என்று கேட்டவனை நான் எங்கே அனுப்பினேன் என்பதும் தெரியும்.

நானா மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது போனுக்கு உறை விற்கிறார்கள், ரெலிபோன் கூண்டு என்று ஒன்றை அந்தப் பிள்ளைகள் கண்டிருக்கவே மாட்டார்கள். லொட்ஜ் கல்யாண மண்டபமாகிவிட்டது. அப்பா விற்ற எங்கள் வீட்டை இடித்து எட்டு மாடி எழுப்பிவிட்டார்கள், அந்த அறை இருந்த உயரத்தில் யாருடையதோ ஒரு பல்கனி, அதில் உடுப்புக் காயும்.

யுத்தம் முடிந்த பிறகு அவனுடைய சகோதரி கனடாவிலிருந்து எனக்கு ரெலிபோன் எடுத்தார். பழைய ரெலிபோன் பில்லில் கடை நம்பரைப் பிடித்து, நானாவிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறார். தாயும் இல்லை, தம்பியும் இல்லை, எந்தப் பட்டியலிலும் இல்லை என்றார். இன்னும் வருடத்துக்கு ஒரு தரம் எடுக்கிறார். எல்லாம் கதைத்து முடித்த பிறகு ஒவ்வொரு முறையும் அவன் ஏன் கொழும்பிலேயே நிற்கவில்லை என்று கேட்பார். இடம் கிடைக்கவில்லை அக்கா, என்பேன்.

அந்த அறை அந்த வருடம் முடியும்வரை காலியாகத்தான் கிடந்தது.