அப்பா தட்டைத் தொடாத ஞாயிறுகள்

ஜெர்மனியில் நான் போகும் சபையின் கதவில், உறுப்பினர் கூட்டத்துக்கு முந்தைய வாரம் ஒரு தாள் ஒட்டுவார்கள். போன வருடம் அதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்று, ஜன்னல் துடைக்கும் முறை. இரண்டு, புதிய காபி இயந்திரம். மூன்று, க்ளாவுஸுக்கும் பிர்கிட்டுக்கும் இடையே உள்ள சச்சரவு. அச்சடித்து, தேதி போட்டு, போகிற வருகிறவர்கள் எல்லாம் படிக்கும்படி ஒட்டியிருந்தார்கள். நான் நின்றுகொண்டிருந்த நேரத்தில் க்ளாவுஸே வந்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்றேன். அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே" என்றார். "மூன்றாவதைச் சொல்கிறீர்களா? அதற்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம்." ஆராதனையில் ட்ரம்ஸ் சத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் சண்டை. முகம் சிவக்கச் சிவக்கப் பேசினார்கள். கை உயர்த்தி ஓட்டெடுத்தார்கள். க்ளாவுஸ் தோற்றார். பிறகு கேக் வெட்டி முதல் துண்டை பிர்கிட்டுக்குக் கொடுத்தார். எனக்கு அன்று முழுக்கப் பொறாமையாக இருந்தது.

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் எங்கள் சபையும் இதேபோலத் தனிச்சபைதான். பிஷப் கிடையாது, பேராயம் கிடையாது. பெரிய சபைக்காரர்கள் தேர்தல், கோர்ட் என்று அலைவதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். எங்களுக்கு மேலே ஆண்டவர் மட்டும்தான், நடுவில் ஆள் இல்லை என்பது எங்கள் பெருமை. சண்டை வந்தால் போய் முறையிடவும் நடுவில் ஆள் இல்லை என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வழக்கம். மாதத்தின் முதல் ஞாயிறு, ஆண்டவரை நினைத்து அப்பம் பகிரும் திருவிருந்தில் அப்பத் தட்டு வரிசை வரிசையாக வரும். மனத்தாங்கல் உள்ளவர் அதிலிருந்து எடுக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார். பாஸ்டர் ஐயா அதைக் கவனித்துவிடுவார். புதன்கிழமைக்குள் எதிராளியைத் தன் டிவிஎஸ் வண்டியின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். டீ குடித்து, ஜெபம் பண்ணி, கை குலுக்கி முடிப்பார்கள். அம்மாவுக்கும் கீழ்வீட்டு அக்காவுக்கும் தண்ணீர் மோட்டார் விஷயத்தில் வந்த சண்டைகூட அப்படித்தான் தீர்ந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் பாஸ்டர் ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அடுத்த ஞாயிறே அவர் மகன் சாம் மேடை ஏறினான். சாம் என் வயதுக்காரன், கிதார் வாசிப்பவன், பத்தாம் வகுப்பில் என் அப்பாவிடம் கணக்குப் படித்தவன். அப்பா சபையின் மூப்பர்களில் ஒருவர். சபையாரைக் கேட்காமல் எப்படி ஏறலாம் என்று கேட்டார். ஆண்டவர் தரும் அபிஷேகம் ஓட்டுப் போட்டு வருவதில்லை என்று சாம் பிரசங்கத்திலேயே பதில் சொன்னான். பெயர் சொல்லவில்லை. எல்லாரும் திரும்பி அப்பாவைப் பார்த்தார்களாம். அந்த மாதம் அப்பா தட்டைத் தொடவில்லை. புதன்கிழமை யாரும் வரவில்லை. வரவேண்டியவரே எதிராளியாக இருந்தால் யார் வருவார்கள்?

அதிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு இருட்டிலேயே எழுந்துவிடுவேன். இங்கே விடிவதற்குள் அங்கே ஆராதனை முடிந்துவிடும். உடனே அம்மாவுக்குப் போன் போடுவேன்.

"எடுத்தாரா?"

"இல்லடா. தள்ளி விட்டுட்டாரு. நீ போய்ச் சாப்பிடு."

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நாற்பது வருடமாக அவருக்கு இருந்த ஒரே கூட்டம் இந்தச் சபைதான். சொந்தக்காரர்களோடுகூட அவ்வளவாகப் போக்குவரத்து கிடையாது. இப்படியே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டு வாசலில் யார் வந்து நிற்பார்கள், யார் ஜெபம் சொல்வார்கள் என்ற நினைப்பு என்னை ட்ராமில், அலுவலகத்தில், கடை வரிசையில் எல்லாம் பிடித்துக்கொண்டது. பயந்தேன். வேறு வார்த்தை இல்லை.

பயத்தில்தான் அந்தக் கிறுக்குத்தனத்தைச் செய்தேன். ஜெர்மன்காரர்களைப் போலவே சபையின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். 'சபைக் கூட்டம் தேவை. ஒன்று, அடுத்த பாஸ்டர் யார். இரண்டு, என் அப்பாவுக்கும் சாமுக்கும் இடையே உள்ள பிரச்சினை.' எழுதி முடித்தபோது நெஞ்சு லேசானது.  முதலில் கூப்பிய கைப் படங்கள் வந்தன. அதற்குப் பிறகு வேத வசனங்கள் வந்தன, ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மேல் குறிவைத்து. ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு சபையை நடத்தப் பார்க்கிறார்கள் என்று ஒருவர் எழுதினார். சாம் குழுவை விட்டு வெளியேறினான். அவன் பின்னால் பாதிப் பேர் வெளியேறினார்கள்.

அம்மா போனில் அழுதார். "என்னடா பண்ணிட்ட? அப்பா சொல்லித்தான் நீ எழுதினேன்னு பேசிக்கிறாங்க. அவருக்கு இது தெரியவே தெரியாது."

லீவு சொல்லிவிட்டு அந்த மாதக் கடைசியில் கிளம்பினேன். வீட்டில் பெட்டியை வைத்ததும் நேரே சாம் வீட்டுக்கு நடந்தேன். கேட்டைப் பிடித்தபடி நின்றான். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே மச்சான். நம்பர் போட்டு எழுதிட்ட, ஆபீஸ் மெயில் மாதிரி."

"தப்புதான். ஆனா அப்பா தட்டைத் தள்ளுறது உனக்குத் தெரியலையா?"

"தெரியாம? தட்டைக் கொண்டு போறதே நான்தானே. ஒவ்வொரு மாசமும் அவர் வரிசைக்கு வரும்போது நான் வேற பக்கம் பாத்துக்கிறேன்."

"அப்புறம் ஏன் வீட்டுக்கு வரல?"

கேட்டின் கொக்கியைப் போட்டு எடுத்தான். "எங்கப்பா போனா எல்லாரும் கதவைத் திறப்பாங்க. நான் போய், சார் திறக்கலன்னா? அன்னைக்கே சபை ரெண்டாயிடும்."

அவனும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். "இன்னைக்கு வா. கதவை நான் திறக்கிறேன்" என்றேன்.

சாயங்காலம் வந்தான். அப்பா பேப்பரைத் தாழ்த்தவில்லை. சாம் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அம்மா வைத்த டீ ஆடை கட்டியது. கடைசியில் சாமே ஆரம்பித்தான். "கேக்காம ஏறினது தப்பு சார். மேடையிலேர்ந்து உங்களைப் பேசினதும் தப்பு. சபையைக் கேக்கறேன். அவங்க வேணாம்னா இறங்கிடறேன்."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் கணக்கு வாத்தியார் கணக்கு வாத்தியார்தான். "கேக்கறதுன்னா முறையா கேக்கணும்" என்று பீரோவிலிருந்து அங்கத்தினர் பதிவேட்டை எடுத்து வந்தார். மூப்பராக அதை அவர்தான் வைத்திருந்தார். பேனாவின் மூடியைத் திறந்து, பக்கத்தைப் புரட்டி, என் பெயரின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"சார், அது இருக்கட்டும்" என்றான் சாம்.

"வெளிநாட்டுல இருக்கறவங்க யாருக்கும் ஓட்டு வேணாம். மொதல்ல இவன். பையன் ஓட்டுல ஜெயிச்சேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது."

என்னைக் கேட்கவில்லை. அவர் செய்தது சரி என்று எனக்குத் தெரிந்தது, வலிக்கவும் செய்தது. ஜெர்மனியில் க்ளாவுஸ் இரண்டு முறை உறுப்பினர் படிவத்தை நீட்டியிருக்கிறார். எனக்கு ஏற்கெனவே ஒரு சபை இருக்கிறது என்று இரண்டு முறையும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னும் ஓட்டெடுப்பு நடக்கவில்லை. என்ன ஆகுமோ என்ற கவலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் அங்கிருந்த அந்த முதல் ஞாயிறு திருவிருந்தில் சாம் தட்டோடு எங்கள் வரிசைக்கு வந்தான். அப்பா எடுத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நானும் எடுத்தேன். கடைசியில் அறிவிப்புகள் வந்தன. விருந்தினராக வந்திருக்கிறவர்கள் எழுந்து நிற்கும்படி அன்போடு கேட்டுக்கொள்வதாகச் சாம் மைக்கில் சொன்னான். படப்பையிலிருந்து வந்த ஒரு குடும்பம் எழுந்தது. சாமின் பார்வை என்னிடம் வந்து, சட்டென்று விலகிப் போனது. நான் அசையாமல் இருந்தேன். அப்பா முன்னால் பார்த்தபடியே என் முழங்காலை மெல்லத் தொட்டார்.

"எழுந்திரு" என்றார்.

எழுந்தேன். சபை கைதட்டி வரவேற்றது. அப்பாவும் அவர்களோடு சேர்ந்து கைதட்டினார்.